கட்டில் இருந்தது, ஆள் இருக்கவில்லை: கொரோனாவும் கொழும்பு ஆஸ்பத்திரித் தாதியரும்

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இதுதான்: "2021 ஓகஸ்ட்டில் அம்மாவைக் கொழும்பில் ஓர் அரச ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டில் கிடைத்தது, ஒட்சிசனும் கிடைத்தது. ஆனால் எத்தனை தரம் கூப்பிட்டும் நேர்ஸ்மார் வரவில்லை என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறா. ஏன் வரவில்லை? கொரோனாக் காலம் அவர்களை என்ன செய்தது? இன்னொரு பெருந்தொற்று வந்தால் மறுபடியும் இதேதானா?"

தம்பி, உங்கள் அம்மா சொல்வது உண்மையாகத்தான் இருக்கும். அதை மறுக்க நான் வரவில்லை. கொழும்பு அரச ஆஸ்பத்திரிகளில் தாதியாகவும் பிறகு வார்ட் சிஸ்டராகவும் வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். 2020இலும் 2021இலும் வார்ட்டில்தான் நின்றேன். அம்மா கூப்பிட்ட நேரத்தில் அந்தத் தாதி எங்கே நின்றிருப்பாள், அவளுடைய கையில் என்ன இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை விளக்கினால் மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதிப் பதில் வந்துவிடும்.

பெருந்தொற்றில் முதலில் தட்டுப்பாடாவது எது என்று கேட்டால் கட்டில், வென்டிலேட்டர், ஒட்சிசன் என்பார்கள். செய்திகளிலும் ஒவ்வொரு நாளும் அவற்றைத்தான் எண்ணினார்கள். நான் பார்த்த வரையில் முதலில் தீர்ந்துபோவது தாதியரின் நேரம். அதை யாரும் எண்ணவில்லை, இன்றைக்கும் எண்ணுவதில்லை. இந்தப் பதிலில் நான் சொல்ல வருவதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

ஒரு கணக்குப் பார்ப்போம். நாற்பது கட்டில் உள்ள ஒரு வார்ட்டில் இரவு 7 மணியிலிருந்து காலை 7 மணி வரை மூன்று தாதியர் என்று வையுங்கள். எங்கள் ஆஸ்பத்திரிகளில் இது நடைமுறையில் உள்ள கணக்குத்தான். மூன்று பேருக்கும் சேர்த்து மணிக்கு 180 நிமிடம். நாற்பதால் பிரித்தால் ஒரு நோயாளிக்கு நாலரை நிமிடம். சாதாரணக் காலத்தில் இது போதும், ஏனென்றால் நாற்பது பேரில் முப்பது பேர் எழுந்து நடப்பார்கள், தாங்களாகச் சாப்பிடுவார்கள். கொரோனா வார்ட்டில் அப்படியில்லை. பாதுகாப்பு அங்கியோடு ஒரே மூச்சில் பல மணி நேரம் நிற்க முடியாது. அதனால் எப்போதும் ஒருத்தி வெளியே ஓய்விலோ, அங்கி மாற்றிக்கொண்டோ இருப்பாள். உள்ளே இரண்டு பேர். நாலரை நிமிடம் மூன்றாகிவிட்டது. இந்த நேரத்தில் பதினேழாம் கட்டில் நோயாளிக்கு இரத்தத்தில் ஒட்சிசன் அளவு 80 சதவீதத்துக்குக் கீழே இறங்குகிறது என்றால் இரண்டு பேரும் அங்கேதான் ஓடுவார்கள். அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, முகமூடியை மாற்றி, டொக்டரைக் கூப்பிட்டு, ஊசி ஏற்றி, ஐசியூவில் இடம் கேட்டு முடிக்க முக்கால் மணி நேரம் போய்விடும். அந்த முக்கால் மணி நேரமும் மிச்சம் முப்பத்தொன்பது பேருக்கும் தாதி கிடையாது.

உங்கள் அம்மா அந்த முப்பத்தொன்பது பேரில் ஒருவராக இருந்திருப்பார். எங்கள் பழைய வார்டுகள் பெரும்பாலானவற்றில் அழைப்பு மணியும் இல்லை. வாயால்தான் கூப்பிட வேண்டும். மூச்சு வாங்கும் ஒருவர் முகத்தில் ஒட்சிசன் முகமூடியோடு கூப்பிடும் குரல், மெஷின்களின் இரைச்சலைத் தாண்டி, தலையோடு மூடிக் கட்டிய அங்கிக்குள் நிற்பவளின் காதுக்கு வந்து சேர்வது லேசான காரியம் இல்லை.

தாதியின் நேரம் குறைந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கொரோனாவுக்கு முன்பே ஆதாரம் இருந்தது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளை வைத்து லிண்டா எய்க்கனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தாதியின் பொறுப்பில் மேலதிகமாக ஒரு நோயாளி சேர்ந்தால், சத்திரசிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. ஒரே ஒரு நோயாளி கூடினாலே அப்படி. டெல்டா வகைக் கொரோனா பரவிய 2021 ஓகஸ்ட் அலையில் எங்கள் வார்டுகளில் கட்டிலுக்கு மேலதிகமாக நிலத்திலும் நடைபாதையிலும் ஆட்கள் கிடந்தார்கள்.

அந்த அலை எவ்வளவு வேகமாக வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இலங்கையின் முதல் தொற்றாளர், ஹூபெய் மாகாணத்திலிருந்து வந்த ஒரு சீனச் சுற்றுலாப் பயணி, 2020 ஜனவரி 27இல் உறுதிசெய்யப்பட்டார். அங்கொடையில் உள்ள ஐடிஎச் தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் பராமரித்துக் குணமாக்கி அனுப்பினார்கள். மார்ச் 20இல் நாடு முழுக்க ஊரடங்கு. அந்த ஆண்டு ஒக்டோபர் தொடங்கும்வரை முழு நாட்டிலும் இறந்தவர்கள் 13 பேர்தான். உலகம் எங்களைப் பாராட்டியது, நாங்களும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தோம். பிறகு மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலை, பேலியகொடை மீன் சந்தை என்று இரண்டாவது அலை. 2021 சித்திரைப் புத்தாண்டுக்குப் பிறகு மூன்றாவது. ஓகஸ்ட் கடைசியில் ஒரே நாளில் 200 பேருக்கு மேல் இறந்தார்கள். 13 மரணங்களைக் கண்ட ஆள்பலத்தை வைத்துக்கொண்டுதான் அந்த ஓகஸ்ட்டையும் சமாளித்தோம். இடையில் கிடைத்த மாதங்களில் கட்டில்கள் கூடின, இடைக்காலச் சிகிச்சை நிலையங்கள் திறந்தன. அவற்றுக்கான தாதியர் எங்கிருந்து வந்தார்கள்? ஏற்கெனவே இருந்த வார்டுகளிலிருந்துதான்.

புதிதாக ஓர் ஐசியூ கட்டில் திறக்கிறோம் என்று அறிவிக்கும்போது யாரும் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஒரு நேரத்தில் ஒரு தாதி வேண்டும். வாரத்தில் 168 மணி நேரம். ஒருத்தி வாரம் நாற்பது மணி நேரம் வேலை செய்தாலும், லீவு, சுகயீனம், ஓய்வுநாள் எல்லாம் கழித்துப் பார்த்தால் ஒரு கட்டிலுக்கு ஐந்து தாதியர். பத்துக் கட்டிலுக்கு ஐம்பது பேர். அவர்கள் ஐசியூ பயிற்சி பெற்றவர்களாகவும் இருக்க வேண்டும். வென்டிலேட்டரைக் கப்பலில் இறக்கலாம். மூன்று வருடத் தாதியர் பயிற்சியும் அதற்கு மேல் ஐசியூ அனுபவமும் உள்ள ஒருத்தியை எங்கிருந்து இறக்குவது?

ஒட்சிசனைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அது தானாக வந்ததாகவே பலர் நினைக்கிறார்கள். வேகமாக ஒட்சிசன் செலுத்தும் உயர் ஓட்ட மெஷினில் ஒருவருக்கு நிமிடத்துக்கு 60 லீற்றர் வரை போகும். 7,000 லீற்றர் கொள்ளும் பெரிய சிலிண்டர் அந்த வேகத்தில் இரண்டு மணி நேரம்கூட வராது. குழாய் வழி ஒட்சிசன் வராத வார்டுகளில் சிலிண்டர் தீரும் முன்பே மாற்ற வேண்டும். ஒரு நிமிடம் தப்பினால் உயிர் போகும். அதைக் கண்காணிப்பதும் தாதிதான், உருட்டிக்கொண்டு வருவது சிற்றூழியர்கள். இந்தியக் கடற்படையின் சக்தி கப்பல் விசாகப்பட்டினத்திலிருந்து 100 தொன் ஒட்சிசனோடு கொழும்புக்கு வந்த படத்தை அந்த ஓகஸ்ட்டில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். துறைமுகத்திலிருந்து நோயாளியின் மூக்கு வரையுள்ள கடைசி நூறு அடியைப் படம் எடுக்க அன்று யாரும் இருக்கவில்லை.

குப்புறப் படுக்கவைத்தால் நுரையீரலுக்குக் காற்று நன்றாகப் போகும் என்பது முன்பே தெரிந்ததுதான், அப்போது அதைப் பரவலாகச் செய்தோம். நினைவோடு இருப்பவர் தானாகத் திரும்புவார். வென்டிலேட்டரில் இருப்பவரைத் திருப்ப ஐந்தாறு பேர் வேண்டும்: தலையையும் குழாயையும் ஒருவர் பிடிக்க, பக்கத்துக்கு இரண்டு பேராக மற்றவர்கள். சுமார் பதினாறு மணி நேரம் கழித்துத் திரும்பவும் நிமிர்த்த வேண்டும். குழாய் கழன்றால் அவ்வளவுதான். இதையெல்லாம் கொழும்புப் புழுக்கத்தில், காற்றுப் புகாத அங்கிக்குள், என்95 முகமூடி மூக்குத் தண்டை அறுக்க, கண்ணாடி வியர்வையில் மங்க மங்கச் செய்தார்கள். அங்கியோடு தண்ணீர் குடிக்க முடியாது, கழிப்பறைக்குப் போக முடியாது. மாதவிடாய் நாட்களில் பிள்ளைகள் பட்ட பாட்டை எந்த அறிக்கையிலும் நான் வாசிக்கவில்லை. வேலைக்கு வரும்போதே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். பல பேருக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது.

இனி, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அதிகம் தெரியாத ஒரு விஷயம். எங்கள் ஆஸ்பத்திரிகளில் பராமரிப்பின் பெரும் பங்கைக் குடும்பம்தான் செய்கிறது. பார்வை நேரத்தில் வரும் மகள் அம்மாவுக்குச் சோறு ஊட்டுவாள், தலை இழுத்து விடுவாள், உடம்பு துடைப்பாள், கழிப்பறைக்குக் கூட்டிப் போவாள், மருந்து கொடுத்தார்களா என்று கேட்பாள். எந்தப் பட்டியலிலும் சேராத இந்த உழைப்பு ஒரே நாளில் நின்றது. பார்வையாளர் தடை வந்த அன்றே அந்த வேலை முழுவதும் தாதியர் தலையிலும் சிற்றூழியர் தலையிலும் விழுந்தது. தடையில் நியாயம் இருந்தது, நானும் அதை ஆதரித்தவள்தான். ஆனால் குடும்பம் செய்த வேலையை யார் செய்வது என்று கேட்காமலே தடை போட்டார்கள்.

அதோடு மொழியும் போனது. கொழும்பில் இது பெரிய விஷயம், தம்பி. கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, முகத்துவாரம், வாழைத்தோட்டம், கொம்பனித்தெரு, வெள்ளவத்தை, தெஹிவளை என்று இந்த நகரத்தில் எத்தனை தமிழ் பேசும் குடும்பங்கள். கொழும்பு ஆஸ்பத்திரிகளில் தாதியரில் பெரும்பாலோர் சிங்களம் பேசுபவர்கள். நோவு எங்கே, எப்படி என்று சொல்ல வயதானவர்களுக்குச் சிங்களம் போதாது. வழக்கமாகப் பேரனோ மகளோ நின்று சொல்லிவிடுவார்கள், இல்லாவிட்டால் முகத்தைப் பார்த்து, கையைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். கொரோனா வார்ட்டில் பேரனும் இல்லை, முகமும் மூடியிருந்தது. தமிழ் தெரிந்த ஒரு தாதி ஒரு ஷிப்டில் இருந்தால் அவளை எல்லாக் கட்டிலுக்கும் கூப்பிடுவார்கள். தன் நோயாளிகளையும் பார்த்து, மற்றவர்களின் நோயாளிகளுக்கும் வாயாக இருந்து, வீட்டுக்குத் தொலைபேசியில் தகவலும் சொல்லி, அந்தப் பிள்ளைகள் இரட்டை வேலை செய்தார்கள். அதற்கு எந்தக் கொடுப்பனவும் இல்லை. எங்கள் வார்ட்டில் மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்தி மார்க்கர் பேனாவால் தன் அங்கியின் நெஞ்சில் "தமிழ் தெரியும்" என்று எழுதிக்கொண்டு உள்ளே போவாள். அவள் போன பக்கமெல்லாம் கைகள் உயரும். உங்கள் அம்மா கூப்பிட்டதைச் சிங்களத் தாதி ஒருத்தி கேட்டு, வந்து பார்த்து, புரியாமல் பல்ஸ் மட்டும் பார்த்துவிட்டுப் போயிருக்கவும் கூடும். அதுவும் வராததுக்குச் சமம்தான்.

இறந்தவர்களின் விஷயம் இன்னும் கொடியது. 2020 ஏப்ரலில் இருந்து 2021 பெப்ரவரி வரை கொரோனாவில் இறந்த எவரையும் எரிக்கவே வேண்டும் என்று விதி. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்வதையும் அனுமதித்திருந்தது. இங்கே பிறந்து இருபது நாளான ஒரு முஸ்லிம் குழந்தையைக்கூட 2020 டிசம்பரில் எரித்தார்கள். பொரளைக் கனத்தை மயானத்தின் வேலியில் மக்கள் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டிப் போனார்கள். அந்த விதியைப் போட்டவர்கள் வார்ட்டுக்கு வரவில்லை. குடும்பத்துக்குத் தொலைபேசி எடுத்தது நாங்கள். காய்ச்சல் வந்தும் ஆஸ்பத்திரிக்கு வரப் பயந்து வீட்டிலேயே இருந்து, முற்றிய பிறகு வந்தவர்களைப் பார்த்தோம். ஒரு சுகாதார முடிவு மக்களை ஆஸ்பத்திரியிலிருந்து துரத்தினால் அதைச் சுகாதாரம் என்று நான் சொல்ல மாட்டேன். கடைசியில் கிழக்கே ஓட்டமாவடியில் அடக்கம் செய்ய விட்டார்கள். அங்கே போன குடும்பங்கள் கொழும்பிலிருந்து ஒரு நாள் பயணம் போக வேண்டியிருந்தது.

சரி, தாதியரை இந்தக் காலம் என்ன செய்தது என்ற கேள்விக்கு வருகிறேன்.

முதலில் பயம். 2003 சார்ஸ் தொற்றில் உலகம் முழுக்க நோய்வாய்ப்பட்ட 8,096 பேரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் சுகாதாரப் பணியாளர். அதை நாங்கள் தொற்றுக் கட்டுப்பாட்டு வகுப்புகளில் படித்திருந்தோம். தனக்கு வருமோ என்பதைவிட, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோமோ என்ற பயம்தான் பெரிது. கைக்குழந்தை உள்ளவர்கள் பாலூட்டுவதை நிறுத்தினார்கள். வயதான மாமியார் உள்ளவர்கள் முன் அறையில் தனியாகப் படுத்தார்கள். போர்டிங்கில் இருந்த வெளியூர்ப் பிள்ளைகளை வீட்டுக்காரர் "கொஞ்ச நாளைக்கு வேறு இடம் பாருங்கோ" என்று சொன்ன கதைகள் பல உண்டு. பஸ்ஸில் சீருடையைப் பார்த்தால் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். 2021 மே முதல் ஒக்டோபர் வரை பெரும்பாலும் மாகாணங்களுக்கு இடையே பயணத் தடை. யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் பதுளைப் பிள்ளையும் மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் 2020 ஜனவரிக்கும் 2021 மே மாதத்துக்கும் இடையில் உலகில் சுமார் 1,15,000 சுகாதாரப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கக்கூடும். அந்தக் காலத்தில் தடுப்பூசி எங்களுக்குக் கிடைத்தது கடைசிச் சில மாதங்களில்தான். இங்கே 2021 ஜனவரி 29இல் தொடங்கியபோது சுகாதாரப் பணியாளர்களுக்குத்தான் முதல் ஊசி. கையை நீட்டியபோது பலர் அழுதார்கள்.

அடுத்தது தனிமைப்படுத்தல். ஆரம்பத்தில் ஒரு நோயாளிக்குப் பீசீஆர் பொசிட்டிவ் என்று வந்தால் அவரோடு நின்ற ஷிப்டே பதினான்கு நாள் வீட்டுக்கு. மிச்சம் இருப்பவர்கள் காலையும் மாலையும் சேர்த்து நிற்க வேண்டும், அப்புறம் இரவும். களைத்தவள் அங்கி கழற்றும்போது பிழை விடுவாள், அவளுக்கும் வரும், இன்னும் ஆட்கள் குறைவார்கள். அந்தச் சுழலை உடைக்க ஒரே வழி ஆட்களைக் குழுக்களாகப் பிரித்து ஒன்றோடொன்று கலக்காமல் வைப்பது. அதற்கும் ஆட்கள் வேண்டும்.

ஆனால் பயத்தையும் களைப்பையும் விட ஆழமாகப் போனது வேறு. ஒரு தாதிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், செய்யவும் கை வரும், ஆனால் ஆள் இல்லாததால், இடம் இல்லாததால் செய்ய முடியாமல் போகும்போது வரும் வேதனை. அமெரிக்கத் தத்துவவியலாளர் அண்ட்ரூ ஜேம்ட்டன் 1984இலேயே தாதியரைப் பற்றி எழுதும்போது இதை அடையாளம் காட்டினார். தூங்கி எழுந்தால் களைப்புப் போகும், இது போகாது. சாகும் மனிதரின் காதருகே போனைப் பிடித்துக்கொண்டு மகள் பேசுவதைக் கேட்டவர்கள், அடுத்த நிமிடம் அந்தக் கட்டிலைத் துடைத்து அடுத்தவரைப் படுக்கவைத்தவர்கள், அழுவதற்கு அங்கிக்குள் வழியில்லாதவர்கள். உங்கள் அம்மா கூப்பிட்டது ஞாபகம் இருப்பதைப் போலவே, வர முடியாமல் போன அந்தத் தாதிக்கும் சில குரல்கள் ஞாபகத்தில் இருக்கும். இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை, என்னோடு வேலை செய்தவர்கள் இப்போதும் என்னிடம் வந்து சொல்வது இது.

கொரோனா வார்ட்டுக்கு வெளியே நடந்ததையும் மறக்கக் கூடாது. தாதியரை ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் குறையும். 2014 முதல் 2016 வரையான மேற்கு ஆபிரிக்க எபோலாத் தொற்றில் 11,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே காலத்தில் மலேரியா, காசநோய், எச்ஐவி சிகிச்சைகள் முடங்கியதால் கிட்டத்தட்ட அதே அளவு மரணங்கள் நேர்ந்திருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார்கள். எங்களுக்கு அவ்வளவு மோசமாகவில்லை. அதற்குக் காரணம் கிராமத்துக்குக் கிராமம், தோட்டத்துக்குத் தோட்டம் உள்ள மருத்துவ மாதுக்கள். கர்ப்பிணிகளுக்குப் போன் எடுத்து, முற்றத்தில் நின்றாவது பார்த்துப் போனார்கள். 2021 ஜூனில் கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி தொடங்கியபோது வீடு வீடாகப் பேசிச் சம்மதிக்கவைத்தவர்களும் அவர்கள்தான். கிளினிக் நோயாளிகளுக்குத் தபால்காரர் மருந்து கொண்டுபோய்க் கொடுத்தது 2020இல் நடந்த நல்ல காரியங்களில் ஒன்று. ஆனால் பொட்டலத்தில் மாத்திரை போகும், பிரஷர் பார்க்கும் கை போகாது. கொழும்பு வடக்கில் மாதக்கணக்கில் தனிமைப்படுத்தப்பட்ட பகுதிகளிலிருந்து பிறகு கிளினிக்குக்கு வந்தவர்களில் கால் புண் முற்றிய நீரிழிவு நோயாளிகளைப் பார்த்தோம். ஆறு மாதம் முன்பு ஒரு தாதி சப்பாத்தைக் கழற்றச் சொல்லிப் பார்த்திருந்தால் விரல் தப்பியிருக்கும்.

இந்த நாட்டுத் தாதியருக்கு இப்படியான வேலை புதிதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2017இல் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு. அதற்கு மருந்து கிடையாது. குருதிக் குழாயிலிருந்து நீர் கசியும் அந்த 24 முதல் 48 மணி நேரத்தில் மணிக்கு மணி பிரஷர், பல்ஸ், சிறுநீர் அளவு பார்த்து, சேலைனைக் கூட்டிக் குறைத்துக் கொடுப்பதுதான் சிகிச்சை. அதாவது தாதி பக்கத்தில் நிற்பதே சிகிச்சை. அந்த ஆண்டு எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் மரணங்கள் குறைவாக இருந்ததற்கு அந்த மணிக்கணக்குக் குறிப்புகள்தான் காரணம். எங்களிடம் திறமை இருந்தது என்று நான் சொல்வதன் அர்த்தம் இதுதான். 2021இல் போதாமல் போனது தலைகளின் எண்ணிக்கை.

அலை ஓய்ந்த பிறகாவது ஓய்வு கிடைத்ததா? இல்லை. 2022 பெப்ரவரியில் சம்பளப் பிரச்சினைகளுக்காகச் சுகாதாரத் தொழிற்சங்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. சில மாதங்களில் பொருளாதாரம் விழுந்தது. பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, வார்ட்டில் பிளாஸ்டரும், சேலைன் ஏற்ற நரம்பில் குத்தும் கனியூலாவும்கூடத் தட்டுப்பாடு. சம்பளத்தின் மதிப்புப் பாதியானது. அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போகலாம் என்று அரசாங்கமே அந்த ஆண்டு சுற்றறிக்கை விட்டது. 2022இல் வேலைக்காக வெளிநாடு போனவர்கள் 3 இலட்சத்துக்கும் மேல். அவர்களில் எங்கள் பிள்ளைகளும் இருந்தார்கள். போனவர்களைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2020இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி உலகத்துக்கே 59 இலட்சம் தாதியர் பற்றாக்குறை. பணக்கார நாடுகள் கூப்பிடும். களைத்துப்போன ஒருத்தியை இங்கே வைத்திருக்க நாம் என்ன செய்தோம் என்று கேட்பதுதான் நியாயம். போகிறவர்களில் பெரும்பாலோர் ஐசியூவும் சத்திரசிகிச்சைத் தியேட்டரும் தெரிந்த, பத்து வருட அனுபவம் உள்ளவர்கள். அவர்களுடைய இடத்துக்குப் புதிதாகப் பயிற்சி முடித்த பிள்ளை வரலாம், அந்தப் பத்து வருடம் வராது.

ஆகவே மறுபடியும் இதேதானா என்றால், இப்படியே விட்டால் 2021ஐவிட மோசமாகத்தான் இருக்கும். இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, மாற்றக்கூடிய விஷயம் என்பதால் சொல்கிறேன். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் கட்டில் எண்ணிக்கையோடு, ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு தாதிக்கு எத்தனை நோயாளி என்பதையும் வெளியில் சொல்ல வேண்டும். சாதாரண வார்ட்டுத் தாதியருக்கு வருடத்தில் சில வாரம் ஐசியூவில் பயிற்சி கொடுத்து வைத்தால், அவசரத்தில் அனுபவசாலி ஒருத்தியின் கீழ் மூன்று பேர் சேர்ந்து வேலை செய்யலாம். பழைய வார்டுகளின் பெரிய ஜன்னல்களை ஏசிக்காக அடைக்காமல் விட வேண்டும். காற்றில் பரவும் நோய்க்கு அவை செய்த உதவி கொஞ்சமல்ல. பார்வையாளரைத் தடுத்தால், ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்களுடைய மொழியில் நாளுக்கு ஒரு தரம் தகவல் சொல்ல வேறொரு ஆளை, தாதியர் எண்ணிக்கையிலிருந்து எடுக்காமல், போட வேண்டும். தமிழ் தெரிந்த ஊழியருக்கு அந்த வேலையை வேலையாகவே கணக்கெடுத்துச் சம்பளம் கொடுக்க வேண்டும். உளவள ஆலோசனை வேண்டும்தான், ஆனால் ஒழுங்கான லீவும் ஒழுங்கான ரோஸ்டரும் இல்லாமல் ஆலோசனை மட்டும் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

நீங்கள் செய்யக்கூடியவையும் உண்டு. அம்மாவின் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் அவருடைய நோய்கள், மருந்துகள், ஒவ்வாமை, உங்கள் போன் நம்பர் எல்லாவற்றையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வையுங்கள். மூச்சு முட்டுகிறது, நெஞ்சு நோகிறது, தண்ணீர் வேண்டும், கழிப்பறைக்குப் போக வேண்டும் என்ற நாலைந்து வசனங்களை இரண்டு மொழியிலும் ஓர் அட்டையில் எழுதி உள்ளே வையுங்கள். கூட ஆள் இல்லாமல் படுத்திருக்கும் நாளில் அதை எடுத்துக் காட்டலாம்.

அப்புறம், அம்மாவுக்கு அந்த வார்ட்டில் நடந்ததை, எந்தத் திகதி, எந்த நேரம், என்ன தேவைப்பட்டது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதி, அந்த ஆஸ்பத்திரியின் பணிப்பாளருக்கு அனுப்புங்கள். யாரையும் தண்டிக்கச் சொல்லி எழுத வேண்டாம். அன்று அந்த வார்ட்டில் எத்தனை நோயாளி, எத்தனை தாதியர் என்று கேளுங்கள். தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் பெறும் உரிமையும் அரசியலமைப்பில் உங்களுக்கு இருக்கிறது. தகவல் அறியும் சட்டமும் 2016 முதல் இருக்கிறது. பதில் வராவிட்டால் அதன் கீழ் திரும்பவும் கேளுங்கள். தாதியர் சங்கங்கள் எத்தனையோ தரம் கேட்டும் வெளிவராத எண் அது. நோயாளிகளின் வீட்டிலிருந்து நூறு கடிதம் போனால் அதை மறைப்பது கஷ்டம்.